கம்யூட்: ஒரு தள்ளுபடி டிக்கெட்டின் கதை

ஐடி வேலைக்கு ஆள் எடுக்கும்போது சம்பளம், நோட்டீஸ் பீரியட் எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு கேள்வி வரும். "உங்க கம்யூட் எவ்வளவு?" யாரும் இதற்குக் கிலோமீட்டரில் பதில் சொல்வதில்லை. "ஒன் அவர் ஆகும்", "டிராஃபிக் இல்லன்னா நாற்பது நிமிஷம்" என்று நேரத்தில்தான் சொல்வோம். தினமும் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்த் திரும்பும் பயணம், அதற்கு ஆகும் நேரம், அதில் படும் பாடு, மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆங்கிலச் சொல். எழுதும்போது ஒரு 'ப்' சேர்ந்துவிட்டால் கம்யூட்டர் கம்ப்யூட்டர் ஆகிவிடுவார். நம்மில் பலருக்கு இரண்டும் ஒரே ஆள்தான் என்பது வேறு விஷயம்.

இந்தச் சொல்லை வேறு சில இடங்களிலும் கேட்டிருப்போம். ரிட்டையர் ஆன அரசு ஊழியர் இருக்கும் வீட்டில், "கம்யூட்டேஷன் போகக் கைக்கு இவ்வளவுதான் வருது" என்ற பேச்சு அடிபடும். மாதாமாதம் வர வேண்டிய ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக மொத்தமாக ஒரு தொகையை முதலிலேயே வாங்கிக்கொள்வது. மத்திய அரசு ஊழியர்கள் அதிகபட்சம் 40 சதவீதம் வரை இப்படி மாற்றிக்கொள்ளலாம். விட்டுக்கொடுத்த பகுதி 15 வருடம் கழித்துத் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றச் செய்திகளில், தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைப்பதற்கும் இதே வினைச்சொல்தான். அரசியலமைப்பின் 72-ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும் 161-ஆவது பிரிவு ஆளுநருக்கும் தரும் அதிகாரங்களில் 'கம்யூட்' செய்வதும் ஒன்று. பள்ளிக் கணக்கில் மூன்றும் ஐந்தும் எட்டு, ஐந்தும் மூன்றும் எட்டு என்று படித்தோமே, அந்தப் பரிமாற்றுப் பண்புக்கும் இதுவே வேர். டி.சி. மோட்டாருக்குள் அரைச் சுற்றுக்கு ஒருமுறை மின்னோட்டத்தின் திசையை மாற்றிவிடும் பாகத்தின் பெயர் கம்யூட்டேட்டர்.

பென்ஷன், தூக்கு, கூட்டல், மோட்டார். நான்கிலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வருகிறது. லத்தீனில் 'கொம்முடாரே' என்றால் மாற்றுதல், ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுதல். சரி. ஆனால் காலையில் ஓ.எம்.ஆரில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற ஒரு பயணத்தில் எது எதற்கு மாற்றாகிறது? வீடு ஆபீஸாக மாறுகிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது தப்பு. இந்தச் சொல் பயணத்திலிருந்து பிறக்கவே இல்லை. டிக்கெட் கவுன்டரில் பிறந்தது.

*

டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு சின்ன முன்கதை உண்டு.

இடைக்கால இங்கிலாந்தின் பண்ணையடிமை விவசாயி, தன் நிலத்தில் உழைப்பது போக, பிரபுவின் நிலத்திலும் வாரத்தில் சில நாட்கள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். நமக்குப் புதிய சங்கதி அல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் 'வெட்டி' என்ற சொல்லும் கூலியில்லாத கட்டாய உழைப்பைத்தான் குறிக்கிறது. இன்று நாம் சொல்லும் 'வெட்டி வேலை'யில் அந்தப் பழைய வெட்டியின் வாசனை மிச்சமிருக்கிறது.

இங்கிலாந்தில் இந்த உழைப்புக் கடமை மெல்ல மெல்லப் பணமாக மாறியது. நாட்கணக்கில் வந்து உழைப்பதற்குப் பதில் இவ்வளவு காசு கட்டிவிட்டால் போதும். 1348-49-ல் கொள்ளைநோய் வந்து மக்களில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போன பிறகு, உழைக்கும் கைகளுக்குப் பஞ்சம் வந்தது. பேரம் பேசும் பலம் விவசாயி பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, இந்த மாற்றமும் வேகமெடுத்தது. வரலாற்றாசிரியர்கள் இதைக் 'கம்யூட்டேஷன்' என்றே குறிப்பிடுகிறார்கள். சர்ச்சுக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தானியமாகவும் கால்நடையாகவும் அளந்து கொடுத்துவந்த வழக்கம் 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பணமாக மாற்றப்பட்டபோது, அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இந்தச் சொல் ஏறியது. கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஆகிய மூன்றின் ஏழு வருடச் சராசரி விலையை வைத்துத் தொகை கணக்கிட்டார்கள்.

ஆக, ரயிலுக்கு முன்பு கம்யூட் என்றால் ஒரு சுமையை இன்னொன்றாக, பெரும்பாலும் ஒரே தொகையாக, மாற்றித் தீர்ப்பது. கூலியில்லாத உழைப்பு நாட்களிலிருந்து விடுபட்ட கதையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் பெரிய நகரங்கள்கூட நடந்து கடக்கிற அளவில்தான் இருந்தன. கடைக்காரர் கடைக்கு மேலேயே குடியிருந்தார். தச்சர் பட்டறைக்குப் பின்னால் இருந்தார். வேலையும் வீடும் ஒரே கூரைக்குக் கீழ், அல்லது ஒரே தெருவில். நகரத்தின் விளிம்பு என்பது வசதி குறைந்தவர்களின் இடம், ஏனென்றால் அங்கிருந்து நடக்க வேண்டும்.

நியூயார்க்கில் இந்தக் கணக்கு மாறியது. 1814-ல் ராபர்ட் ஃபுல்டனின் நீராவிப் படகு மன்ஹாட்டனுக்கும் புரூக்ளினுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அதுவரை காற்றையும் நீரோட்டத்தையும் நம்பியிருந்த ஆற்றுக் கடப்பு, நேரம் சொல்லிச் செய்யக்கூடிய காரியமாயிற்று. புரூக்ளின் மேட்டில் நிலம் வைத்திருந்த ஹெசக்கியா பியர்பான்ட் என்பவர் இந்தப் படகுச் சேவைக்கு ஆதரவாக நின்றவர். பிறகு தன் நிலத்தை மனைகளாகப் பிரித்து, அக்கரையில் தொழில் செய்யும் கனவான்களுக்கு விளம்பரம் செய்தார். நல்ல காற்று, அமைதி, ஆபீஸுக்குப் பக்கம். செங்கல்பட்டுப் பக்கம் மனை விற்கிற ஃபிளெக்ஸ் பேனரில் "சென்னைக்கு மிக அருகில்" என்று பார்க்கிறோமே, அதன் பெரிய தாத்தா இவர்தான்.

படகைத் தொடர்ந்து ரயில். 1830-களில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் முளைத்த ரயில் கம்பெனிகள் முதலில் எண்ணியது தூர தேசப் பயணிகளையும் சரக்கையும்தான். தினமும் காலையில் நகரத்துக்குப் போய் மாலையில் திரும்புகிற ஆள் அவர்கள் திட்டத்திலேயே இல்லை. அப்படி ஒருவர் தினமும் முழுக் கட்டணம் கொடுப்பதும் கட்டுப்படியாகாது. ஆனால் ஊர் ஊராக ரயில் நின்று போகத் தொடங்கியதும் இப்படிப்பட்டவர்கள் முளைத்தார்கள். கம்பெனிகளுக்கு ஒன்று புரிந்தது. காலியாக ஓடும் பெட்டியில் பாதிக் காசுக்கு ஒருவர் உட்கார்ந்தாலும் லாபம்தான். அதுவும் அவர் வருடம் முழுக்க வருவார் என்றால், முன்பணமாகவே கொடுத்துவிடுவார் என்றால், இன்னும் நல்லது.

1840-களில் அந்தப் புதுச் சீட்டு வந்தது. தினசரிக் கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, குறைத்து, மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரே தொகையாக மாற்றித் தருவது. பல சிறு கடன்களை ஒரே தொகையாக மாற்றுவதற்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்ததே? அதையே ஒட்டினார்கள். கம்யூட்டேஷன் டிக்கெட். மாற்றப்பட்டது ஆள் அல்ல, இடம் அல்ல. கட்டணம்.

அதற்குப் பிறகு அந்தச் சொல் படிப்படியாக நழுவியது. 1860-களுக்குள் அந்த டிக்கெட்டை வைத்திருந்த ஆளுக்கு 'கம்யூட்டர்' என்று பெயர் வந்துவிட்டது. நூற்றாண்டு முடிவதற்குள் அந்த ஆள் செய்கிற காரியம், அதாவது தினமும் போய் வருவது, 'கம்யூட்' என்ற வினையாயிற்று. அந்தப் பயணத்தையே பெயர்ச்சொல்லாக 'என் கம்யூட்' என்று சொல்வது இன்னும் பிந்தியது, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. முதலில் சலுகை, அப்புறம் டிக்கெட், அப்புறம் ஆள், அப்புறம் செயல், கடைசியில் நேரம். ஒவ்வொரு படியிலும் காசு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிலிருந்து உதிர்ந்துகொண்டே வந்தது. இன்று டிக்கெட்டே எடுக்காமல் சொந்த பைக்கில் போகிறவரும் கம்யூட்டர்தான்.

பிரிட்டனில் இதே சலுகைச் சீட்டுக்கு வேறு பெயர், சீசன் டிக்கெட். நமக்கு ரயில் கொடுத்தது பிரிட்டிஷ்காரர்கள் என்பதால் நம் ஊருக்கும் அந்தப் பெயரே வந்தது. சென்னை பீச் - தாம்பரம் பாதையில் மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. "சீசன் எடுத்தாச்சா?", "சீசன் முடியுது, புதுப்பிக்கணும்" என்பதெல்லாம் இன்று வரை அந்த வழித்தட வீடுகளின் பேச்சு. குற்றாலத்துக்கு ஒரு சீசன், மாம்பழத்துக்கு ஒரு சீசன், பல்லாவரத்துக்காரருக்கு மட்டும் வருடம் முழுக்க சீசன். யோசித்துப் பார்த்தால் அமெரிக்காவில் நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்றுதான். ரெண்டு இடத்திலும் ஆளை அடையாளப்படுத்தியது அவர் சட்டைப்பையிலிருந்த அட்டை.

*

அந்த அட்டையை யார் வாங்க முடிந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. மூன்று மாதக் காசை மொத்தமாக எடுத்து வைக்க முடிந்தவர் மட்டும். ஆகவே முதல் கம்யூட்டர்கள் வணிகர்கள், வக்கீல்கள், வங்கிக்காரர்கள், பிறகு மேல்நிலை குமாஸ்தாக்கள். அன்றாடக் கூலி வாங்குகிறவருக்குத் தள்ளுபடி கிடையாது. அவருக்கு நடைதான். பணம் இருப்பவருக்குக் குறைவான விலை, இல்லாதவருக்கு முழு விலை. மொத்தமாக வாங்கினால் மலிவு, சில்லறையாக வாங்கினால் கூடுதல் என்கிற மளிகைக்கடை நியாயம்.

லண்டனில் இந்தப் பிரச்சினை வேறு விதமாக வெடித்தது. நகரத்துக்குள் ரயில் பாதையும் நிலையங்களும் போட இடம் வேண்டும். மலிவான இடம் ஏழைகளின் குடியிருப்பு. ஆயிரக்கணக்கானோரின் வீடுகள் இடிந்தன. வேலை நகரத்தில், வீடு போய்விட்டது. இதற்கு ஈடாக, லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை பாதை நீட்டிய கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வேக்கு 1864-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிபந்தனை போட்டது. எட்மன்டன், வால்தம்ஸ்டோ பக்கமிருந்து தொழிலாளர்களுக்கு, போக வர இரண்டே பென்ஸ் கட்டணத்தில், ரயில் விட வேண்டும். 1883-ல் மலிவு ரயில் சட்டம் வந்தது. குறைந்த கட்டணத்துக்கு அரசு பயணிகள் வரியைத் தள்ளுபடி செய்யும், பதிலுக்குக் கம்பெனிகள் தொழிலாளர் ரயில்களை ஓட்ட வேண்டும் என்று அது நாடு முழுமைக்கும் விதி செய்தது.

நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஒரு சின்ன எழுத்து இருந்தது. மலிவுக் கட்டணம் அதிகாலை ரயில்களுக்கு மட்டும். விடிந்தும் விடியாமல் நகரத்தில் இறங்கியாக வேண்டும். எட்டு மணிக்கோ அதற்குப் பிறகோதான் திறக்கிற தையல் கூடங்களிலும் பட்டறைகளிலும் வேலை செய்த பெண்கள், மலிவு ரயிலில் வந்து இறங்கி, குளிரில் தெருவில் சுற்றினார்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கட்டும் என்று லண்டன் சிட்டியில் சில தேவாலயங்கள் காலையிலேயே கதவைத் திறந்து வைத்தன.

கொஞ்சம் நின்று பார்த்தால் இங்கே நடக்கிற மாற்று தெளிவாகத் தெரிகிறது. காசு இருந்தவர் காசைக் கொடுத்து நேரத்தைக் காப்பாற்றிக்கொண்டார். காசு இல்லாதவர் நேரத்தைக் கொடுத்துக் காசைக் காப்பாற்றினார். கம்யூட் என்ற சொல் 'மாற்றுதல்' என்ற தன் பழைய பொருளை இழந்துவிட்டதாக அகராதி நினைக்கலாம். அந்தத் தேவாலய பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரப் பெண்ணிடம் அது இழக்கவில்லை.

இத்தாலிய இயற்பியலாளர் சீசரே மார்கெட்டி 1994-ல் எழுதிய கட்டுரை ஒன்று போக்குவரத்துத் துறையில் பிரபலம். யாகோவ் சஹாவி என்ற போக்குவரத்து ஆய்வாளரின் கண்டுபிடிப்பை வைத்து அவர் சொன்னது இது: நடந்தாலும் ரயிலில் போனாலும் காரில் போனாலும், மனிதர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தைத்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள். வாகனத்தின் வேகம் கூடினால் பயண நேரம் குறைவதில்லை, நகரம் பெரிதாகிறது. சராசரி என்பதால் இதை ஒவ்வொரு மனிதருக்குமான விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேம்பாலம் கட்டியும் மெட்ரோ விட்டும் நம்முடைய அந்த ஒரு மணி நேரம் ஏன் திரும்பக் கைக்கு வரவில்லை என்பதற்கு இது ஓரளவு விளக்கம். மிச்சமான நேரத்தை நிலம் தின்றுவிடுகிறது. மனை விற்றவருக்கு மட்டும் காசாகக் கிடைக்கிறது. பியர்பான்ட் அன்றைக்கே கண்டுபிடித்தது இதைத்தான்.

*

அந்த ஒரு மணி நேரம் யாருடையது? இதை ஒரு நீதிமன்றக் கேள்வியாகவே அமெரிக்கத் தொழிலாளர்கள் கேட்டார்கள்.

1938-ல் அங்கே குறைந்தபட்சக் கூலிக்கும் கூடுதல் நேரக் கூலிக்கும் சட்டம் வந்தது. வேலை நேரத்துக்குக் கூலி தர வேண்டும், சரி. வேலை எங்கே தொடங்குகிறது? அலபாமாவின் இரும்புச் சுரங்கத் தொழிலாளர்கள் கேட்டார்கள்: சுரங்க வாயிலிலிருந்து பாறை வெட்டும் இடம் வரை பூமிக்கடியில் போகிற நேரம் யார் கணக்கு? அது வேலை நேரமே என்று உச்ச நீதிமன்றம் 1944-ல் சொன்னது. 1946-ல் மிச்சிகன் மாநிலத்தின் ஒரு பீங்கான் தொழிற்சாலை வழக்கு. கேட்டில் நுழைந்து அட்டை குத்திவிட்டுத் தன் மேசை வரை நடக்கிற நேரம்? அதுவும் வேலை நேரமே, ஒரு சில நொடிகள் என்றால் மட்டும் விட்டுவிடலாம் என்றது நீதிமன்றம். நாடு முழுக்க வழக்குகள் குவிந்தன. முதலாளிகள் அலறினார்கள். 1947-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் போட்டுக் கதவைச் சாத்தியது. முக்கிய வேலை நடக்கும் இடத்துக்குப் போகும் வரும் நேரம் கூலிக்குரியது அல்ல. அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. அமேசான் கிடங்குகளில் வேலை முடிந்து வெளியேறும்போது திருட்டுச் சோதனைக்காக வரிசையில் நின்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள், தினமும் 25 நிமிடம் போகிறது என்று கூலி கேட்டார்கள். 2014-ல் நீதிபதிகள் ஒருமனதாக மறுத்ததற்கும் அடிப்படை அதே 1947-தான்.

ஐரோப்பா ஒரு விரிசல் திறந்தது. ஸ்பெயினில் பாதுகாப்புக் கருவிகள் பொருத்தும் ஒரு நிறுவனம் தன் கிளை அலுவலகங்களை மூடியது. டெக்னீஷியன்கள் வீட்டிலிருந்து நேராக வாடிக்கையாளர் இடத்துக்குப் போக வேண்டும். முன்பு அலுவலகத்திலிருந்து வேலை நேரம் தொடங்கியது. இனி முதல் வாடிக்கையாளர் வீட்டு வாசலிலிருந்துதான் தொடங்கும் என்றது நிறுவனம். நிரந்தர அலுவலகம் இல்லாதவர்களுக்கு அந்தப் பயணமும் வேலை நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. அலுவலகத்தை மூடியது நிறுவனம், அதன் சுமை தொழிலாளி தலையில் எப்படி ஏறும் என்பதே வாதத்தின் சாரம்.

நம் நாட்டில் கேள்வி கூலியிலிருந்து எழவில்லை, விபத்திலிருந்து எழுந்தது. கேரளத்தில் ஒரு தொழிலாளி சைக்கிளில் வேலைக்குப் போகிறார். தொழிற்சாலைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கிறது, ஷிஃப்ட் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கிறது. லாரி மோதுகிறது. இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இது வேலையில் ஏற்பட்ட காயமா? இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் முடிவு செய்தது. தொழிற்சாலைக்குள் நுழையும் வரை அவர் வெறும் சாலைவாசி. 2010-ல் நாடாளுமன்றம் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தி, 51-ஈ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலைக்குக் 'கம்யூட்' செய்யும்போதும் திரும்பும்போதும் நடக்கிற விபத்து, அந்த நேரத்துக்கும் இடத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால், வேலைக் காயமாகவே கருதப்படும். தள்ளுபடி டிக்கெட்டுக்காகப் பிறந்த சொல் இந்தியத் தொழிலாளர் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்த இடம் இது. இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களுக்கான இழப்பீட்டுச் சட்டத்தையும் இதே வெளிச்சத்தில் படிக்கலாம் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிகாலை 3 மணி ஷிஃப்டுக்கு பைக்கில் போய் வழியில் இறந்த, மகாராஷ்டிரத்தின் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் குடும்பம் 2003-லிருந்து காத்திருந்த வழக்கு அது.

இதை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரமான நிலை தெரிகிறது. வழியில் அடிபட்டால் அந்தப் பாதை வேலையைச் சேர்ந்தது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் அது நம் சொந்த நேரம்.

*

தமிழில் கம்யூட்டுக்கு ஒற்றைச் சொல் இல்லை. "வேலைக்குப் போயிட்டு வர்றது" என்கிறோம். அந்த நீளமான சொற்றொடரில் ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒன்று இருக்கிறது: 'வர்றது'. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் "போறேன்" என்று சொன்னால் பாட்டிமார்கள் திட்டுவார்கள். "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்ல வேண்டும். போக்கு, வரத்து இரண்டையும் சேர்த்து நாம் செய்த 'போக்குவரத்து' என்ற சொல், எழுத்துக்கு எழுத்து கம்யூட்டின் இன்றைய பொருளையே சொல்கிறது. ஆனால் அது அரசுத் துறைக்கும் நெரிசலுக்கும் பெயராகப் போய்விட்டது. ஆங்கிலச் சொல்லின் அடியில் ஒரு பேரம். தமிழ்ச் சொல்லின் அடியில் திரும்பி வருதல்.

சென்னையில் இந்த இரண்டும் மோதுகிற இடம் பழைய மகாபலிபுரம் சாலை. நகரத்தின் ஆற்றோர, கால்வாயோரக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்கு 2000-ஐ ஒட்டிக் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று வீடுகள் ஒதுக்கப்பட்டன. வீடு கிடைத்தது. வேலை பழைய இடத்திலேயே இருந்தது. மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் வீட்டு வேலை செய்துவந்த பெண்கள் அதுவரை நடந்து போனவர்கள். இப்போது விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். கூலி அதேதான், அதில் பஸ் காசு போகும், நாளில் சில மணி நேரமும் போகும். கட்டுப்படியாகாமல் வேலையை விட்டவர்கள் நிறைய. அதே சாலையில்தான் ஐடி கம்பெனிகளின் ஏசி பஸ்கள் எங்களைத் தூங்க வைத்துக்கொண்டு போகும். எங்கள் கம்யூட் நாங்கள் தேர்ந்தெடுத்த ஃபிளாட்டின் விலை. அவர்களுடையது யாரோ வரைபடத்தில் போட்ட கோட்டின் விலை. 1864-ல் லண்டனில் நடந்த அதே கதை, இரண்டு பென்ஸ் ரயில் இல்லாமல்.

2021-ல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. விடியல் பயணம் என்று பெயர் வைத்தார்கள். 'ஓசி' என்ற கேலியை நாமும் கேட்டிருப்போம். 1840-களின் வக்கீலுக்கு ரயில் கம்பெனி தள்ளுபடி கொடுத்தபோது அதை யாரும் ஓசி என்று சொல்லவில்லை, அதற்கு மரியாதையாக லத்தீனில் பெயர் வைத்தார்கள். சில ஆயிரம் ரூபாய் மாதச் சம்பளத்தில் வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று பஸ் காசு முடிவு செய்கிற இடத்தில், அந்தக் காசை அரசு ஏற்றுக்கொள்வது பழைய பொருளில் சுத்தமான கம்யூட்டேஷன். இந்தத் தடவை மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்கு. என்ன, நேரத்தை மட்டும் அது திருப்பித் தராது. இலவச பஸ்ஸும் அதே சிக்னலில்தான் நிற்கும்.

நேரம் திரும்பிக் கிடைத்தது 2020-ல், அதுவும் மடிக்கணினியில் வேலை செய்கிற சிறு கூட்டத்துக்கு மட்டும். நூற்றைம்பது வருடமாக யாரும் கணக்கில் எழுதாத அந்த ஒரு மணி நேரம், எவ்வளவு பெரியது என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. சிலர் தூங்கினார்கள், சிலர் குழந்தைக்குத் தலை வாரிவிட்டார்கள். பலருக்கு அந்த இடத்தில் இன்னொரு மீட்டிங் வந்து உட்கார்ந்தது. பிறகு ஆபீஸுக்குத் திரும்பச் சொல்லி மெயில் வந்தபோது நடந்த சண்டைகளில் கலாச்சாரம், ஒத்துழைப்பு, உற்பத்தித் திறன் என்றெல்லாம் பேசப்பட்டது. பெரும்பாலும் சண்டை அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

கூலியில்லாத உழைப்பு நாட்களைக் காசாக மாற்றி விடுபடுவதைக் குறித்த ஒரு சொல், இன்று கூலியில்லாமல் தினமும் நாம் கொடுக்கிற நேரத்துக்குப் பெயராகியிருக்கிறது. கல்வெட்டுக்காரர்களிடம் இதைக் காட்டியிருந்தால் ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்: வெட்டி. "உங்க கம்யூட் எவ்வளவு?" என்று கேட்பவருக்கு நாம் நிமிடத்தில் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல் பிறந்த கவுன்டரில் அந்தக் கேள்விக்கான பதில் காசில் இருந்தது. எவ்வளவு, யார் கட்டுவது என்று அங்கே இரண்டு பக்கமும் பேசித்தான் ஒரு தொகைக்கு வந்தார்கள். அடுத்த முறை சம்பளம் பேசும் மேசையில், நிமிடத்தைச் சொல்லிவிட்டு, அந்த இரண்டாவது கேள்வியையும் பேசிப் பார்க்கலாம்.